ரென்யூவல் மெயில் நிஜமா, போலியா? கிருஷ்ணகிரி, தர்மபுரி கடைக்காரர்களுக்கு ஒரு செய்முறை

மார்ச் கடைசி வாரம் வந்தால் பர்கூர் ஜவுளிக் கடைகளிலும் ஓசூர் லேத் பட்டறைகளிலும் கிருஷ்ணகிரி மாங்கூழ் ஆலை அலுவலகங்களிலும் கணக்கு முடிக்கிற பரபரப்பு. கணக்கு சாஃப்ட்வேர், ஆன்ட்டிவைரஸ், கடையின் வெப்சைட் பெயர், டிஜிட்டல் கையெழுத்து என்று உண்மையான ரென்யூவல்களும் அப்போதுதான் வரிசை கட்டி நிற்கும். போலி மெயில் அனுப்புகிறவனுக்கும் இது தெரியும். பத்து நிஜத்துக்கு நடுவில் ஒரு பொய் தப்பித்துக்கொள்ளும் என்பது அவன் போடும் கணக்கு.

"எழுத்துப்பிழை இருக்கிறதா பாருங்கள், லோகோ மங்கலாக இருக்கிறதா பாருங்கள்" என்ற பழைய அறிவுரை இன்று பெரிதாக உதவாது. லோகோவை நகலெடுக்க ஒரு நிமிடம்கூட ஆகாது. பிழையில்லாமல் ஆங்கிலமும் தமிழும் எழுதித் தரக் கருவிகள் வந்துவிட்டன. அதனால் இங்கே சொல்லப்போகும் முறை வேறு: மெயிலை மூடிவிட்டு, உங்கள் பக்கத்தில் இருக்கும் கணக்கை வைத்து முடிவு செய்வது.

படி 1: சந்தா நோட்டு போடுங்கள்

ஒரு பக்கம் போதும். ஐந்து கட்டம்: என்ன சேவை, எந்த மெயில் ஐடியில் பதிந்தது, பணம் எதிலிருந்து போகிறது (எந்த வங்கி, எந்த கார்டு, எந்த யூபிஐ), தொகை எவ்வளவு, அடுத்த தேதி எப்போது.

ஞாபகத்திலிருந்து எழுதினால் பாதி விட்டுப்போகும். ஆண்ட்ராய்டு போனில் ப்ளே ஸ்டோரைத் திறந்து, மேலே இருக்கும் உங்கள் படத்தைத் தட்டி, பேமென்ட்ஸ் அண்ட் சப்ஸ்கிரிப்ஷன்ஸ் பகுதியைப் பாருங்கள். ஐபோனில் செட்டிங்ஸ் போய் உங்கள் பெயரைத் தட்டினால் சப்ஸ்கிரிப்ஷன்ஸ் வரும். யூபிஐ செயலியில் ஆட்டோபே என்ற பகுதி இருக்கும். கார்டில் தானாகப் போகும் பிடித்தங்களை வங்கிச் செயலியிலோ இணையதளத்திலோ இ-மேன்டேட் என்ற தலைப்பில் தேடுங்கள். கடைசியாக 12 மாத பேங்க் ஸ்டேட்மென்ட்டை ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். வருடத்துக்கு ஒரே முறை போகும் பிடித்தம் மூன்று மாத ஸ்டேட்மென்ட்டில் சிக்காது.

கடையில் கணக்கு பார்க்கிறவர் ஒருவர், பணம் அனுப்புகிறவர் இன்னொருவர் என்றால் நோட்டு இருவர் கைக்கும் எட்டுகிற இடத்தில் இருக்க வேண்டும். "அண்ணன் ஏதோ வாங்கியிருப்பார்" என்று கணக்கு பார்க்கிறவரும், "கடைக்கு வேண்டித்தானே கேட்கிறார்கள்" என்று முதலாளியும் நினைக்கும் அந்த இடைவெளியில்தான் பணம் போகிறது.

நோட்டு தயாரான பிறகு வேலை சுலபம். மெயிலில் சொல்லும் சேவை நோட்டில் இல்லையா? அழித்துவிடலாம். இருக்கிறது, ஆனால் தேதியோ தொகையோ ஒத்துப்போகவில்லையா? அடுத்த படிகளுக்குப் போங்கள்.

படி 2: ஒரு போலி மெயிலைப் பிரித்துப் பார்ப்போம்

இந்த வகை மெயில் பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும்:

"அன்புள்ள வாடிக்கையாளரே, உங்கள் கம்ப்யூட்டர் பாதுகாப்புத் திட்டம் 3 ஆண்டுகளுக்குப் புதுப்பிக்கப்பட்டது. தொகை ரூ. 24,999. 24 மணி நேரத்தில் உங்கள் கணக்கிலிருந்து தானாகப் பிடிக்கப்படும். ரத்து செய்ய இந்த எண்ணுக்கு உடனே அழைக்கவும். ரசீது இணைப்பில்."

இதில் லிங்க் எதுவும் இல்லை. பலர் "லிங்க் இல்லையே, அப்போது ஆபத்து இல்லை" என்று நினைக்கிறார்கள். லிங்க் இருந்தால் மெயில் நிறுவனத்தின் வடிகட்டி அதைச் சோதித்து ஸ்பாமில் தள்ளிவிடும். ஒரு பிடிஎஃப்பும் போன் நம்பரும் மட்டும் இருந்தால் வடிகட்டிக்குப் பிடி கிடைப்பது கஷ்டம். உங்களைப் போனில் பேச வைத்துவிட்டால் மீதி வேலையை அவன் வாயாலேயே முடித்துக்கொள்வான்.

பெயர் இல்லை, "அன்புள்ள வாடிக்கையாளரே" மட்டும்தான். எந்த வங்கி, கார்டின் கடைசி 4 எண் என்ன என்பதும் இல்லை. தொகை வேண்டுமென்றே வயிற்றைக் கலக்கும் அளவுக்கு வைக்கப்பட்டிருக்கிறது. 499 ரூபாய் என்றால் நீங்கள் சும்மா இருந்துவிடுவீர்கள், அழைக்க மாட்டீர்கள்.

அந்த "24 மணி நேரம்" ஒரு வேடிக்கை. ரிசர்வ் வங்கியின் விதி 2021 அக்டோபர் 1 முதல் நேர் எதிராக வேலை செய்கிறது. கார்டிலோ யூபிஐயிலோ நீங்கள் முன்பே அனுமதி கொடுத்த தானியங்கிப் பிடித்தத்துக்கு, பணம் எடுப்பதற்குக் குறைந்தது 24 மணி நேரம் முன்பு வங்கித் தரப்பிலிருந்து உங்களுக்கு எஸ்எம்எஸ் அல்லது மெயில் வர வேண்டும். யாருக்குப் போகிறது, எவ்வளவு, எந்தத் தேதி என்று அதில் இருக்கும். வேண்டாம் என்று நிறுத்தும் வழியும் இருக்கும். பொதுவாக ரூ. 15,000-க்கு மேல் போனால் ஒவ்வொரு முறையும் ஓடிபி அல்லது பின் போட்டால்தான் பணம் நகரும். இன்சூரன்ஸ் பிரீமியம், மியூச்சுவல் ஃபண்ட், கிரெடிட் கார்டு பில் இந்த மூன்றுக்கு மட்டும் 2023 டிசம்பரிலிருந்து வரம்பு ரூ. 1 லட்சம். ஆக, ஆன்ட்டிவைரஸுக்கு 24,999 ரூபாய் நீங்கள் ஓடிபி போடாமல் "தானாக" பிடிக்கப்படும் என்ற பேச்சே பொருந்தாது.

ஒரு ஓட்டை உண்டு. வெளிநாட்டு இணையதளங்களில் கார்டு எண் ஒருவன் கையில் கிடைத்தால் ஓடிபி இல்லாமலும் பணம் எடுக்க முடியும். வங்கிச் செயலியில் கார்டு கன்ட்ரோல் பகுதிக்குப் போய் இன்டர்நேஷனல் ட்ரான்சாக்ஷனை அணைத்து வையுங்கள். வேண்டும்போது ஒரு நிமிடத்தில் போட்டுக்கொள்ளலாம்.

படி 3: அனுப்பியவர் முகவரியைப் படியுங்கள்

ஜிமெயில் செயலியில் அனுப்பியவர் பெயருக்குக் கீழே "டு மீ" என்று இருப்பதைத் தட்டி, வியூ டீடெயில்ஸ் பாருங்கள். பெரிய எழுத்தில் தெரியும் பெயரை யாரும் எப்படியும் வைத்துக்கொள்ளலாம், அதற்கு மதிப்பில்லை. 'அட்' குறிக்குப் பின்னால் வருவதைத்தான் படிக்க வேண்டும், அதுவும் வலமிருந்து இடமாக.

கடிதத்தில் முகவரி எழுதுவது போலத்தான் இது: ஊர் கடைசியில் வரும். "தர்மபுரி ஸ்டோர்ஸ், பென்னாகரம் ரோடு, சேலம்" என்று எழுதியிருந்தால் கடை இருப்பது சேலத்தில். அதேபோல "நெட்ஃப்ளிக்ஸ்.காம்.பில்-ரென்யூவல்.ஷாப்" என்று இருந்தால் அது பில்-ரென்யூவல்.ஷாப் என்பவனுடையது. முன்னால் இருக்கும் நெட்ஃப்ளிக்ஸ் வெறும் அலங்காரம். லிங்க்குக்கும் இதே விதி: முதல் ஒற்றைச் சாய்கோட்டுக்கு முன்னால் கடைசியாக இருக்கும் இரண்டு துண்டுகளைப் பாருங்கள் (கோ.இன், கவ்.இன் போல முடிந்தால் மூன்று). போனில் லிங்க்கைத் தட்டாமல் அழுத்திப் பிடித்தால் முழு முகவரி தெரியும். கம்ப்யூட்டரில் மௌஸை மேலே வைத்தால் திரையின் கீழ் மூலையில் வரும்.

வங்கிகளைப் பொறுத்தவரை ஒரு வசதி வந்திருக்கிறது. 2025 அக்டோபர் 31-க்குள் இந்திய வங்கிகள் தங்கள் இணையதளத்தை ".பேங்க்.இன்" என்று முடியும் முகவரிக்கு மாற்ற வேண்டும் என்று ரிசர்வ் வங்கி சொன்னது. வங்கிப் பெயரில் வரும் லிங்க் வேறு மாதிரி முடிந்தால் தொடாதீர்கள்.

முகவரி தவறாக இருந்தால் மெயில் போலி என்று உறுதி. சரியாக இருந்தால் நிஜம் என்று உறுதி இல்லை, இதைத்தான் நிறையப் பேர் தவறவிடுகிறார்கள். பில் அனுப்பும் சேவைகளில் யார் வேண்டுமானாலும் கணக்குத் தொடங்கி யாருக்கு வேண்டுமானாலும் பில் அனுப்பலாம். மெயில் அந்தச் சேவையிலிருந்தே நிஜமாக வரும். குறிப்பு எழுதும் கட்டத்தில் மட்டும் மோசடிக்காரனின் போன் நம்பர் இருக்கும்.

படி 4: ரசீதையும் உரிமையாளரையும் சோதியுங்கள்

ரசீதில் ஜிஎஸ்டி எண் இருந்தால் 15 எழுத்து எண்ணிப் பாருங்கள். முதல் இரண்டு மாநிலக் குறியீடு: தமிழ்நாடு 33, கர்நாடகா 29. ஜிஎஸ்டி போர்ட்டலில் சர்ச் டாக்ஸ்பேயர் பகுதியில் அந்த எண்ணைப் போட்டால் யார் பெயரில் பதிந்தது என்று வரும். லாகின் தேவையில்லை. ஆன்ட்டிவைரஸ் ரசீதில் இருக்கும் எண் ஒரு பெயிண்ட் கடை பெயரைக் காட்டினால் கதை முடிந்தது. பெயர் பொருந்தினாலும் முழுசாக நம்பிவிடாதீர்கள், நிஜ நிறுவனத்தின் எண்ணை யார் வேண்டுமானாலும் பார்த்து எழுதலாம்.

கடை வெப்சைட்டின் பெயர் காலாவதி ஆகிறது என்று மெயில் வந்தால், .காம் பெயராக இருக்கும் பட்சத்தில் உலக அளவில் வெப்சைட் பெயர்களை ஒருங்கிணைக்கும் ஐகான் அமைப்பின் லுக்கப் பக்கத்தில் பெயரைத் தட்டிப் பாருங்கள். எந்த நிறுவனத்தில் பதிந்தது, எந்தத் தேதி வரை என்று இரண்டும் வரும். மெயில் வேறு நிறுவனத்திலிருந்து என்றால் அது பில் இல்லை, ஆள் பிடிக்கிற விளம்பரம். "இன்று இரவோடு போய்விடும்" என்ற மிரட்டலுக்கும் பயப்பட வேண்டாம். அழிக்கப்பட்ட .காம் பெயரையும் முன்னாள் உரிமையாளர் மீட்டெடுக்க 30 நாள் காலம் உண்டு. கூடுதல் கட்டணம் ஆகும், அதற்குள் சைட் வேலை செய்யாமலும் போகலாம், அவ்வளவுதான்.

கிருஷ்ணகிரி, தொப்பூர் சுங்கச்சாவடிகளில் அடிக்கடி போகிறவர்களுக்கு ஃபாஸ்டேக் பெயரிலும் இதே ஆட்டம். 2025 ஆகஸ்ட் 15-ல் ரூ. 3,000-க்கு ஆண்டு பாஸ் வந்தது. அதை ராஜ்மார்க்யாத்ரா செயலியிலோ தேசிய நெடுஞ்சாலை ஆணையத்தின் இணையதளத்திலோதான் எடுக்க வேண்டும், மெயிலில் வரும் லிங்க்கில் கிடையாது.

சந்தேகம் தீரவில்லையா? அந்தச் சேவையின் செயலியை நீங்களே திறங்கள், அல்லது முகவரியை நீங்களே தட்டி உள்ளே போய் பில்லிங் பகுதியைப் பாருங்கள். நிஜமான பாக்கி இருந்தால் அங்கே இருக்கும். கஸ்டமர் கேர் நம்பரைக் கூகுளில் தேடாதீர்கள். போலி நம்பர்களை அங்கேயும் விதைத்து வைத்திருக்கிறார்கள்.

போனில் பேசிவிட்டால் என்ன நடக்கும்

எதிர்முனை ரொம்ப மரியாதையாகப் பேசும். "ரீஃபண்ட் தருகிறோம் சார்" என்று சொல்லி எனிடெஸ்க், டீம்வியூவர், குவிக்சப்போர்ட் போன்ற ஒன்றை இறக்கச் சொல்லும். இவை நல்ல செயலிகள்தான், ஆனால் அதில் வரும் எண்ணைச் சொல்லி அனுமதி கொடுத்த நிமிடத்திலிருந்து உங்கள் திரை அவனுடையது. இதைப் பற்றி 2019-லேயே ரிசர்வ் வங்கி வங்கிகளை எச்சரித்திருக்கிறது.

அடுத்து உங்களை நெட் பேங்கிங்கில் நுழையச் சொல்வான். 24,999 ரூபாய் ரீஃபண்டுக்குப் பதில் 2,49,990 வந்துவிட்டதாகப் பதறுவான், "என் வேலை போய்விடும், மீதியைத் திருப்பி அனுப்புங்கள்" என்பான். திரையிலும் கணக்கில் பணம் கூடியிருக்கும். அது எப்படி? ஒன்று, பிரவுசரில் அந்தப் பக்கத்தின் எழுத்தை மட்டும் மாற்றியிருப்பான், பேஜை ரிஃப்ரெஷ் செய்தால் பழைய தொகை வந்துவிடும். இரண்டு, உங்கள் பிக்சட் டெபாசிட்டை உடைத்து சேமிப்புக் கணக்குக்கு மாற்றியிருப்பான். வந்த பணமும் உங்களுடையது, திருப்பி அனுப்பப்போவதும் உங்களுடையது. ஸ்டேட்மென்ட்டில் வரவு எங்கிருந்து வந்தது என்ற ஒரு வரியைப் படித்தால் தெரிந்துவிடும்.

ஓடிபி எஸ்எம்எஸ்ஸில் ஆறு எண்ணை மட்டும் படிக்கும் பழக்கத்தை விடுங்கள். அதே செய்தியில் எவ்வளவு தொகை, யாருக்கு என்று எழுதியிருக்கும். "ரத்து செய்ய ஓடிபி" என்று அவன் சொல்லும்போது செய்தியில் ரூ. 24,999 செலுத்த என்று இருக்கும். யூபிஐ பின் தேவைப்படுவது பணம் அனுப்ப, இருப்புப் பார்க்க, ஆட்டோபே அனுமதி தருவது போன்ற வேலைகளுக்கு. பணம் வாங்குவதற்கு ஒருபோதும் பின் வேண்டாம்.

இன்னொரு வகையில் போலி மெயிலே தேவையில்லை. "2 ரூபாயில் 7 நாள் ட்ரையல்" என்று வரும் செயலிகள். அந்த 2 ரூபாய்க்குப் பின் போடும்போதே மாதா மாதம் சில நூறு ரூபாய் பிடிக்க ஆட்டோபே அனுமதியும் போய்விடுகிறது. பின் போடும் பக்கத்தில் அதிகபட்சத் தொகையும் எத்தனை நாளுக்கு ஒருமுறை என்பதும் சின்ன எழுத்தில் இருக்கும். செயலியை அன்இன்ஸ்டால் செய்தால் சந்தா நிற்காது, ஆட்டோபே பகுதிக்குப் போய் ரத்து செய்ய வேண்டும்.

பணம் போய்விட்டால்

முதலில் வைஃபையையும் டேட்டாவையும் அணையுங்கள். இன்னொரு போனிலிருந்து, கார்டின் பின்புறம் இருக்கும் எண்ணில் வங்கியை அழைத்து கார்டையும் நெட் பேங்கிங்கையும் முடக்கச் சொல்லுங்கள். அடுத்த அழைப்பு 1930, சைபர் மோசடிப் புகாருக்கான தேசிய உதவி எண். திருடிய பணம் ஒரு கணக்கில் தங்காது, வரிசையாகக் கைமாறி ஏடிஎம்மில் ரொக்கமாகிவிடும். 1930 மூலம் செய்ய முடிவது, இன்னும் ஏதாவது ஒரு கணக்கில் மிச்சமிருப்பதை அங்கேயே நிறுத்தி வைப்பதுதான். அதனால் மாலை கடை சாத்திவிட்டுப் பார்க்கலாம் என்று தள்ளிப் போடாதீர்கள்.

கையில் வைத்துக்கொள்ள வேண்டியது: எந்தக் கணக்கு, எவ்வளவு, தேதி நேரம், பரிவர்த்தனையின் அடையாள எண்ணான யூடிஆர் (யூபிஐ என்றால் 12 இலக்கம்), அவன் பேசிய நம்பர், மெயிலின் ஸ்க்ரீன்ஷாட். சைபர்கிரைம்.கவ்.இன் தளத்திலும் புகாரைப் பதியுங்கள். நேரில் போக மாவட்டத்துக்கு ஒரு சைபர் கிரைம் காவல் நிலையம் இருக்கிறது.

வங்கியில் புகார் எண்ணையும் நேரத்தையும் கேட்டு வாங்குங்கள். 2017 ஜூலையில் ரிசர்வ் வங்கி வெளியிட்ட விதிப்படி, நீங்களே ஓடிபி கொடுத்த கேஸ் என்றால் புகார் சொல்லும் வரை ஆன நஷ்டம் உங்களுடையது, சொன்ன பிறகு போவது வங்கியின் பொறுப்பு. 30 நாளில் பதில் வராவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரான ஆம்புட்ஸ்மேனிடம் போகலாம். தகவலுக்கு 14448.

எனிடெஸ்க் போன்ற ரிமோட் செயலியை நீக்கிய பிறகு வேறு கருவியிலிருந்து பாஸ்வேர்டுகளை மாற்றுங்கள், மெயில் பாஸ்வேர்டுதான் முதலில். மற்ற எல்லாக் கணக்குகளின் ரீசெட் லிங்க்கும் அங்கேதான் வருகின்றன. ஜிமெயில் செட்டிங்ஸில் ஃபார்வார்டிங், ஃபில்டர்ஸ் இரண்டையும் திறந்து பாருங்கள். வங்கியிலிருந்து வரும் எச்சரிக்கை மெயில்கள் நேராகக் குப்பைக்குப் போகும்படி அங்கே ஒரு விதி எழுதிவிட்டுப் போயிருக்கலாம்.

சில நாள் கழித்து "உங்கள் புகாரைப் பார்த்தோம், பணத்தை மீட்டுத் தருகிறோம், ப்ராசஸிங் ஃபீஸ் மட்டும் அனுப்புங்கள்" என்று இன்னொரு போன் வரலாம். ஒருமுறை ஏமாந்தவரின் எண் அவர்களுக்குள் கைமாறுகிறது. 1930-லோ காவல் நிலையத்திலோ பணத்தை மீட்டுத் தரக் கட்டணம் எதுவும் வாங்குவதில்லை.