கொடைக்கானல் ஏரியில் இருந்து பழநிக்கு இறங்கும் பாதை: செட்டிநாட்டுக்கு வருவோருக்கு

காரைக்குடிப் பக்கம் பூர்வீக வீட்டுக்கு வருகிறவர்கள், வீட்டைத் திறந்து தூசி தட்டி, குலதெய்வத்துக்குப் படைத்து, பிள்ளையார்பட்டி போய் வந்ததும் அடுத்துக் கேட்பது கொடைக்கானல்தான். மலேசியாவில் இருந்து வரும் என் அத்தை பிள்ளைகளைப் பலமுறை அழைத்துப் போயிருக்கிறேன். வத்தலக்குண்டு வழியாக ஏறிவிட்டு அதே வழியில் திரும்பாதீர்கள், பழநிப் பாதையில் இறங்குங்கள் என்றுதான் எல்லோருக்கும் சொல்வேன்.

அந்தப் பாதை அழகானது என்பதற்காக மட்டும் சொல்லவில்லை. தைப்பூசத்துக்கு நகரத்தார் காவடி குன்றக்குடியில் இருந்து நடந்தே பழநி போகிறது. உங்கள் வீட்டு ஐயாவோ அப்பத்தாவோ அதில் நடந்திருக்கலாம். சிங்கம்புணரி, நத்தம், திண்டுக்கல் என்று நீங்கள் காரில் போவதும் பெரும்பாலும் அதே தடம்தான். அவர்கள் நடந்து சேர்ந்த ஊருக்கு நீங்கள் மலை மேலிருந்து இறங்கி வருவீர்கள்.

முதலில் இ-பாஸ். உயர் நீதிமன்ற உத்தரவால் 2024 மே 7 முதல் கொடைக்கானலுக்கு வெளியூர் வண்டிகள் இ-பாஸ் எடுக்க வேண்டியிருக்கிறது. இந்திய சிம் இல்லையே என்று கவலை வேண்டாம், வெளிநாட்டில் இருந்து வருகிறவர்கள் மின்னஞ்சல் முகவரி கொடுத்தே பதியலாம். வண்டி எண் தெரிந்ததும் காரைக்குடியிலேயே எடுத்துவிடுங்கள்.

வண்டியை நீங்களே ஓட்ட வேண்டாம். டிரைவரை அமர்த்தும்போது வாடகை, பேட்டா பேசுவதற்கு முன்பே மலையில் ஓட்டிப் பழக்கம் உண்டா என்று கேளுங்கள். ஒருமுறை எனக்கு வாய்த்த டிரைவர் அன்றுதான் முதல்முறையாக மலை ஏறினார். அது நவம்பர் மாதம். இருட்டுகிற நேரத்தில் சவரிக்காட்டுப் பக்கம் மேகம் இறங்கி, பத்தடிக்கு அப்பால் ஒன்றும் தெரியவில்லை. பின்சீட்டில் பிள்ளைகள் பேச்சை நிறுத்திவிட்டார்கள். அன்றில் இருந்து மதியம் 2 மணிக்கு மேல் ஏரியை விட்டுக் கிளம்புவதில்லை. ஐப்பசி, கார்த்திகை மழையில் இந்தப் பாதையில் மண் சரிவதும் உண்டு, கிளம்புமுன் தங்கிய விடுதியில் விசாரித்துக்கொள்ளுங்கள்.

ஏரியைக் காலை 8 மணிக்கு முன் நடந்து பாருங்கள். மதுரை கலெக்டராக இருந்த லெவிஞ்ச் 1863இல் உருவாக்கிய ஏரி அது. சுற்றிவர ஏறத்தாழ 5 கிலோமீட்டர். அப்புறம் குறிஞ்சி ஆண்டவர் கோயில். யாழ்ப்பாணத்தில் வேர் உள்ளவர்கள் இதைத் தவறவிடக் கூடாது. இலங்கைத் தலைவர் பொன்னம்பலம் இராமநாதனின் துணைவியார் லீலாவதி 1936இல் கட்டிய கோயில் இது. வானம் தெளிவாக இருந்தால் பழநி மலை கீழே சின்னக் குமிழாகத் தெரியும்.

பெருமாள்மலையில் பழநிப் பாதை பிரிகிறது. ஏரியில் இருந்து பழநி வரை சுமார் 65 கிலோமீட்டர், நின்று நின்று போனால் மூன்று மணி நேரம். வத்தலக்குண்டுப் பாதையின் நெரிசல் இங்கே இல்லை. முதலில் காப்பித் தோட்டமும் மலைவாழையும் வரும், பிறகு காடு, அதன்பின் ஒரு வளைவில் திடீரென்று சமவெளி முழுவதும் விரியும். குளங்கள் வெயிலில் மின்னும். ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவுக்கும் பழநி மலை கொஞ்சம் பெரிதாகிக்கொண்டே வரும். எனக்கு இந்த இடத்தில் எப்போதும் தொண்டை அடைக்கும். வண்டியை அகலமான ஓரத்தில் மட்டும் நிறுத்தச் சொல்லுங்கள், வளைவில் வேண்டாம். எதிரே ஏறி வரும் வண்டிக்குத்தான் முதலில் வழிவிட வேண்டும். தலை சுற்றும் பிள்ளைகளை முன்சீட்டில் உட்கார வைத்து, கையில் ஒரு எலுமிச்சம்பழம் கொடுங்கள்.

வரதமாநதி அணை வந்துவிட்டால் மலை முடிந்தது. பழநி கோயிலுக்குள் 2023 அக்டோபர் முதல் செல்போன் கூடாது, அதைக் கீழேயே கொடுத்துவிட்டு ஏறுங்கள். படி ஏற முடியாத பெரியவர்களுக்கு விஞ்ச் என்கிற இழுவை ரயிலும் ரோப் காரும் இருக்கின்றன. இரவு பழநியில் தங்கி, விடியற்காலைத் தரிசனம் முடித்துப் புறப்பட்டால் மதியச் சாப்பாட்டுக்குக் காரைக்குடி வந்துவிடலாம். வீட்டில் இருக்கும் ஆச்சிக்கு ஒரு டப்பா பஞ்சாமிர்தம் வாங்கிக்கொள்ளுங்கள்.