கமடோர் 64-இன் சுடும் விளையாட்டுகளும் சண்டை விளையாட்டுகளும்: இன்று ஆடுபவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கமடோர் 64 கணினிக்காக எழுதப்பட்ட சுடும் விளையாட்டுகளையும் சண்டை விளையாட்டுகளையும் இன்று முதன்முதலாக எமுலேட்டரில் (பழைய கணினியைப் போலவே நடந்துகொள்ளும் மென்பொருளில்) ஓட்டிப் பார்ப்பவர்களில் பலர், இதற்கா இத்தனை பேர் உருகுகிறார்கள் என்று பத்து நிமிடத்தில் மூடிவைத்துவிடுகிறார்கள். அவர்களுடைய ஏமாற்றத்துக்கு விளையாட்டு காரணமாக இருப்பது அரிது. 1982-இல் வெளிவந்த அந்தக் கணினியின் செயலி ஏறத்தாழ 1 மெகாஹெர்ட்ஸ் வேகமும், நினைவகம் 64 கிலோபைட் அளவும் கொண்டவை. அந்தச் சிறிய வசதிக்குள் வேகமான ஆட்டத்தைக் கொண்டுவருவதற்காக, நிரலாளர்கள் ஒரு குறிப்பிட்ட தொலைக்காட்சி முறையையும் ஒற்றைப் பொத்தான் கொண்ட ஜாய்ஸ்டிக்கையும் மனத்தில் வைத்தே எல்லாவற்றையும் கணக்கிட்டார்கள். அந்தக் கணக்கு குலையும்போது விளையாட்டும் குலைகிறது.

மிகப் பரவலான தவறு தொலைக்காட்சி முறையில்தான் நேர்கிறது. ஐரோப்பாவில் விற்கப்பட்ட கமடோர் பிஏஎல் முறையில் நொடிக்கு 50 முறையும், அமெரிக்காவில் விற்கப்பட்டது என்டிஎஸ்சி முறையில் நொடிக்கு 60 முறையும் திரையை வரைந்தன. ஆட்டத்தின் வேகமும் இசையின் வேகமும் பெரும்பாலும் இந்த எண்ணிக்கையோடு பிணைக்கப்பட்டிருந்தன. இந்த வகையில் பெயர்பெற்ற விளையாட்டுகளில் பெரும்பகுதி பிரிட்டனிலும் ஜெர்மனியிலும் எழுதப்பட்டவை என்பதால், அவை 50-க்கு உரியவை. எமுலேட்டரை என்டிஎஸ்சி அமைப்பில் விட்டுவிட்டு அவற்றை ஓட்டினால், ஆட்டம் ஐந்தில் ஒரு பங்கு கூடுதல் வேகத்தில் ஓடும். எதிரிகள் மனிதக் கைக்கு அடங்காதவர்களாகத் தோன்றுவார்கள், இசையும் அவசர கதியில் ஒலிக்கும்.

வேகத்தோடு தொல்லை முடிவதில்லை. பிஏஎல் கமடோரில் ஒரு திரைக்கு 312 வரிகள், ஒரு வரிக்கு 63 சுழற்சிகள் (செயலியின் மிகச் சிறிய வேலைப் படிகள்). ஆக ஒரு திரை வரையப்படும் நேரத்தில் செயலிக்கு 19,656 சுழற்சிகள் உண்டு. என்டிஎஸ்சியில் 263 வரிகள், வரிக்கு 65 சுழற்சிகள்; கிடைப்பது 17,095 மட்டுமே. வன்பொருள் ஒரே நேரத்தில் காட்டக்கூடிய ஸ்ப்ரைட்கள் (பின்னணிக்கு மேல் தனியே நகரும் சிறு உருவங்கள்) எட்டுதான், ஒவ்வொன்றும் 24-க்கு 21 புள்ளி அளவு. திரையின் மேற்பகுதி வரையப்பட்ட உடனே அதே எட்டையும் இடம்மாற்றிக் கீழ்ப்பகுதியில் மறுபடி பயன்படுத்தும் உத்தியால்தான் எதிரிக் கூட்டங்கள் உருவாயின. அந்த இடமாற்றம் சரியான வரியில், சரியான கணத்தில் நடந்தாக வேண்டும். 2,500-க்கும் மேற்பட்ட சுழற்சிகள் குறைந்துவிட்டால், விளிம்பு வரை நிரப்பி எழுதப்பட்ட நிரலுக்கு நேரம் போதாமல் உருவங்கள் சிமிட்டும், பாதியாக வெட்டுப்படும், சில வேளைகளில் ஆட்டமே நின்றுவிடும். மறுபுறம், வில் ரைட் 1984-இல் உருவாக்கிய ரெய்டு ஆன் பங்லிங் பே போன்ற அமெரிக்க ஆக்கங்களைப் பிஏஎல்லில் ஓட்டினால் அவை மந்தமாகத் தோன்றலாம். ஆகவே விளையாட்டு எந்த நாட்டில் எழுதப்பட்டது என்பதைப் பார்த்துவிட்டு அமைப்பைத் தேர்ந்தெடுப்பதே முதல் வேலை.

பிஏஎல்லைச் சரியாகத் தேர்ந்த பிறகும் இன்னொரு இடறல் காத்திருக்கிறது. இன்றைய மானிட்டர்கள் பெரும்பாலும் 60 ஹெர்ட்ஸில் இயங்குவதால், ஐந்து படங்களுக்கு ஒன்று இருமுறை காட்டப்பட்டு, பக்கவாட்டில் நகரும் காட்சி விக்கி விக்கி நகரும். மானிட்டரை 50 ஹெர்ட்ஸுக்கு மாற்ற முடிந்தால் மாற்றுங்கள். புதுப்பிப்பு வேகம் தானாக மாறும் வகை மானிட்டர் இருந்தால் இன்னும் நல்லது. விக்கலைப் போக்குவதற்காக எமுலேட்டரின் வேகத்தை 60-க்கு உயர்த்துவது, விட்ட இடத்துக்கே திரும்பி வருவதாகும். தொலைக்காட்சியில் ஆடுபவர்கள் அதிலுள்ள படமெருகு வசதிகளை அணைத்து, விளையாட்டுக்கான அமைப்புக்கு மாற்றிக்கொள்ள வேண்டும். இல்லாவிட்டால் கை அசைந்து சற்று நேரம் கழித்தே கப்பல் அசையும்.

அடுத்தது ஜாய்ஸ்டிக். சண்டை விளையாட்டுகளில் இதன் பங்கைப் பலர் குறைத்து மதிப்பிடுகிறார்கள். ஆஸ்திரேலியாவின் பீம் சாஃப்ட்வேர் உருவாக்கி 1985-இல் மெல்போர்ன் ஹவுஸ் வெளியிட்ட தி வே ஆஃப் தி எக்ஸ்ப்ளோடிங் ஃபிஸ்ட்டில், எட்டுத் திசைகளும், பொத்தானை அழுத்தியபடி அதே எட்டுத் திசைகளும் சேர்ந்து குத்து, உதை, குட்டிக்கரணம் என அனைத்தையும் தருகின்றன. மூலைத் திசை ஒன்று தவறினால் கணுக்காலைக் குறிவைத்த உதை வேறெங்கோ போய் முடியும். கட்டைவிரலால் சுழற்றும் அனலாக் குச்சி இதற்கு ஒத்துவராது. மூலைகளைத் தெளிவாகப் பிடிக்கும் திசைப் பலகையோ, பழைய முறை ஜாய்ஸ்டிக்கோ வேண்டும். மேலே தள்ளினால் குதிக்கும் பழைய வழக்கம் பிடிக்காமல், குதிப்பதை இரண்டாவது பொத்தானுக்கு மாற்றிக்கொள்பவர்களும் உண்டு. மேடை தாவும் விளையாட்டுகளுக்கு அது வசதியாக இருக்கலாம். மேல்திசையே அடியின் ஒரு பகுதியாக இருக்கும் சண்டைகளில் அது குழப்பத்தையே வளர்க்கும்.

பிற்கால சண்டை விளையாட்டுகளில் பழகியவர்கள் பொத்தானைத் தொடர்ந்து தட்டிக்கொண்டே இருப்பதும் பலன் தராது. எக்ஸ்ப்ளோடிங் ஃபிஸ்ட்டில் உயிர்ப்பட்டை என்று எதுவும் கிடையாது. அடி சுத்தமாக விழுந்தால் ஒரு முழுப் புள்ளி, அரைகுறையாக விழுந்தால் அரைப் புள்ளி; இரண்டு முழுப் புள்ளி சேர்ந்தால் வெற்றி. எனவே இடைவெளியை அளந்து காத்திருந்து ஓர் அடி அடிப்பதே ஆட்டம். ஆர்ச்சர் மக்லீன் 1987-இல் கொண்டுவந்த ஐகே பிளஸ்ஸில் மூவர் ஒரே திரையில் மோதுகிறார்கள். அங்கே முன்னால் நிற்பவரை மட்டும் பார்த்துக்கொண்டிருப்பவர் முதுகில் அடி வாங்குவார். மூவரில் கடைசி இடத்துக்குப் போகாமல் இருந்தாலே அடுத்த சுற்று உண்டு என்பதால், மற்ற இருவரை மோதவிட்டு ஒதுங்கி நிற்பதும் நியாயமான உத்திதான். அதே ஆண்டின் பார்பேரியனில் உயிரளவு உண்டு; ஆனால் கழுத்தைக் குறிவைத்த ஒரே வீச்சில் ஆட்டம் முடிந்துவிடவும் கூடும். எல்லாவற்றையும் ஒரே வகையாக எண்ணி ஒரே பழக்கத்தோடு ஆடுவது பிழை.

சுடும் விளையாட்டுகளில் கண்ணால் படிக்க வேண்டியவை உண்டு என்பதற்கு ஆண்ட்ரூ பிரேபுரூக் எழுதி 1986-இல் வெளிவந்த யூரிடியம் நல்ல சான்று. உலோகப் பெயர்கள் சூட்டப்பட்ட பெரும் போர்க்கப்பல்களின் மேல்தளத்தை ஒட்டி நம் சிறு விமானம் பறக்கிறது. மேலிருந்து பார்க்கும் காட்சி என்பதால் எந்தச் சுவர் உயரமானது, எது தாழ்வானது என்பது நேரடியாகத் தெரியாது. தளத்தில் விழும் நிழலின் நீளம்தான் அதைச் சொல்கிறது. நீண்ட நிழல் கொண்ட சுவரில் மோதினால் விமானம் சிதறும். குட்டை நிழல் கொண்டதன் மேல் கவலையின்றிப் பறந்து செல்லலாம். உயரமான இரு சுவர்களுக்கு நடுவிலுள்ள குறுகிய சந்தில் விமானத்தைப் பக்கவாட்டில் சாய்த்தே நுழைய வேண்டும். இதை அறியாமல் ஜாய்ஸ்டிக்கை ஒரே பக்கம் தள்ளிப் பிடித்து முழு வேகத்தில் பாய்பவர்கள்தான், ஆட்டம் நியாயமற்றது என்று குறை சொல்கிறார்கள். படத்தை மழுங்கலாக்கும் வடிகட்டியைப் போட்டுவிட்டால் அந்த நிழல்களின் ஓரம் கரைந்துபோகும் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும்.

ஒலியில் ஒரு சிறு குறிப்பு: கமடோரின் ஒலிச் சில்லு 6581, 8580 என இரு வகைப்படும். பழைய விளையாட்டுகள் பதிவுசெய்த குரலையும் மேளச் சத்தத்தையும் சில்லில் ஒலியளவைக் குறிக்கும் எண்ணை வேகமாக மாற்றி ஒலிக்கச் செய்தன. அந்தத் தந்திரம் 6581-இல் உரக்கக் கேட்கும், 8580-இல் முனகலாகிவிடும்.

பெயர் ஒன்றாக இருப்பதால் எல்லாக் கணினிகளிலும் ஒரே விளையாட்டு என்று எண்ணி ஒப்பிடுவதும் தவறான தீர்ப்புக்கு இட்டுச்செல்கிறது. அதே காலத்துக் கணினியான ஸெட்எக்ஸ் ஸ்பெக்ட்ரமில் 8-க்கு 8 புள்ளி கொண்ட ஒவ்வொரு கட்டத்துக்கும் இரண்டே நிறங்கள்தான் கிடைக்கும். அதனால் நிறங்கள் ஒன்றன்மேல் ஒன்று படியாதிருக்க, ஆட்டக் களத்தை ஒரே நிறத்தில் அமைத்தவர்கள் பலர். அது சோம்பல் அல்ல, தெரிந்தே எடுத்த முடிவு.

உண்மையான கமடோரையே வாங்கி ஆட விரும்புபவர்கள் செய்யும் தவறுகள் பணத்தையும் தின்னும். அதன் பழைய மின்வழங்கிப் பெட்டி பழுதாகும்போது 5 வோல்ட்டுக்கு மேல் அனுப்பி நினைவகச் சில்லுகளை எரித்துவிடக்கூடும். மின்னழுத்தத்தை அளக்காமல், அல்லது புதிய பெட்டிக்கு மாறாமல் கணினியை இயக்கக் கூடாது. செகா மெகா டிரைவின் கட்டுப்பாட்டுக் கருவியும் அதே ஒன்பது முனைச் செருகியில் பொருந்திவிடும், ஆனால் மின்சுற்று வேறு என்பதால் நேரடியாகச் செருகுவது கணினியின் உள்ளீட்டுச் சில்லுக்கு ஆபத்து. கணினி இயங்கிக்கொண்டிருக்கையில் ஜாய்ஸ்டிக்கைக் கழற்றிச் செருகுவதும் அதே சில்லைத்தான் பாதிக்கும். ஜாய்ஸ்டிக்குக்கான இரு துளைகளில் பெரும்பாலான விளையாட்டுகள் இரண்டாம் துளையையே எதிர்பார்க்கின்றன. முதல் துளை விசைப்பலகையின் மின்கம்பிகளைப் பகிர்ந்துகொள்வதால், அங்கே செருகிய ஜாய்ஸ்டிக்கை அசைத்தால் திரையில் எழுத்துகள் தாமாகவே தோன்றும். அதைக் கண்டு கணினி பழுதென்று முடிவுகட்டிவிட வேண்டாம்.