லேப்டாப் ப்ராசஸரை மாற்றப் போகிறீர்களா? சிப் வாங்கும் முன் இதைப் பாருங்கள்

டாஸ்க் மேனேஜரில் ‘சாக்கெட்ஸ்: 1’ என்று இருப்பதைப் பார்த்துவிட்டு, “நம்ம லேப்டாப்பில் சாக்கெட் இருக்கிறது, பழையதைக் கழற்றிவிட்டு ஐ7 மாட்டிவிடலாம்” என்று கிளம்புபவர்கள் நிறைய. அந்த 1 சொல்வது, மதர்போர்டில் ஒரு ப்ராசஸர் இருக்கிறது என்பதை மட்டும்தான். அது கழற்றக்கூடியதா, ஈயம் வைத்துப் பற்றவைத்ததா என்பதெல்லாம் அதில் வராது.

அதற்கு சிபியு-இசட் என்ற இலவச மென்பொருளில் ‘பேக்கேஜ்’ என்ற வரியைப் பாருங்கள். அங்கேயும் ‘சாக்கெட் 1168 பிஜிஏ’ என்று போட்டு மயக்கும். முன்னால் இருக்கும் சாக்கெட்டை விட்டுவிட்டு, கடைசி எழுத்துகளைக் கவனியுங்கள். பிஜிஏ என்றால் சிப்பின் அடியில் குட்டிக் குட்டி ஈயக் குண்டுகள், அவற்றை உருக்கி போர்டோடு ஒட்டியிருப்பார்கள். ‘988பி ஆர்பிஜிஏ’ என்பதுபோல் முன்னால் ‘ஆர்’ சேர்ந்து வந்தால் ஊசிக் கால்கள், அதைக் கழற்றலாம். (ஆங்கிலத்தில் BGA, rPGA என்று வரும், இரண்டும் வேறு வேறு ‘பி’. தமிழில் எழுதினால் அந்த ‘ஆர்’ ஒன்றுதான் துணை.)

இன்டெல் தன் லேப்டாப் சிப்களைக் கழற்றி மாட்டும் வகையில் தந்தது 4ஆம் தலைமுறையான ஹாஸ்வெல்லோடு சரி. அது 2013இல் வந்தது. அதற்குப் பிறகு வந்த 5ஆம் தலைமுறையிலிருந்து எல்லாம் பற்றவைத்தவைதான். ஏஎம்டியின் ரைசன் லேப்டாப் சிப்களும் அப்படியே. சென்ற ஐந்தாறு ஆண்டுகளில் வாங்கிய சாதாரண லேப்டாப் என்றால் இந்த ஆசையை இங்கேயே விட்டுவிடலாம். சூடேற்றி சிப்பைப் பெயர்த்து வேறொன்றை ஒட்டும் கருவிகள் சர்வீஸ் கடைகளில் இருக்கின்றன, உண்மைதான். ஆனால் போர்டு பிழைக்க வேண்டும், பயாஸ் (லேப்டாப்பைத் தொடங்கிவைக்கும் அடிப்படை மென்பொருள்) அந்தச் சிப்பை ஏற்க வேண்டும். அந்தச் செலவுக்கு வேறு போர்டே வாங்கிவிடலாம்.

சரி, உங்களிடம் இருப்பது திங்க்பேட் டி430 போன்ற பழைய சாக்கெட் லேப்டாப் என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் ‘புதிய சிப்’ கிடையாது. அதே காலத்துச் சிப்களில் கொஞ்சம் பெரியதுதான் கிடைக்கும். டி430இல் இருப்பது 3ஆம் தலைமுறை. 4ஆம் தலைமுறைக்குச் சாக்கெட்டே வேறு, உட்காரவே உட்காராது. சாக்கெட் ஒன்றாக இருந்தாலும் போதாது. முந்தைய டி420இல் 3ஆம் தலைமுறைச் சிப் அழகாகப் பொருந்தும், ஆனால் அதன் சொந்த பயாஸ் ஏற்காது. பெரிய விலை மாடல்களுக்கும் இதே கதைதான். 2019இல் வந்த ஏலியன்வேர் ஏரியா-51எம் டெஸ்க்டாப் சிப்பையே சாக்கெட்டில் வைத்திருந்தது. அடுத்த ஆண்டே இன்டெல் டெஸ்க்டாப் சாக்கெட்டை மாற்றியது. 10ஆம் தலைமுறை வேண்டும் என்றால் புது லேப்டாப்தான் வாங்க வேண்டியிருந்தது.

பணம் அதிகம் போவது பெயரின் வால் எழுத்தில்தான். ஐ7-4700எம்க்யூ, ஐ7-4700ஹெச்க்யூ இரண்டும் ஒரே வேகம், ஒரே 47 வாட். முன்னதற்குக் கால்கள் உண்டு, பின்னது பற்றவைப்பது. எனக்குத் தெரிந்த ஒருவர் ஹெச்க்யூவை ஆன்லைனில் வாங்கிவிட்டார். பார்சலைப் பிரித்துத் திருப்பிப் பார்த்தால் அடியில் கால்களே இல்லை. விற்றவர் மேல் தப்பில்லை, கேட்டதைத்தான் அனுப்பியிருந்தார். 3ஆம் தலைமுறையில் இன்னும் மோசம்: ஐ7-3612க்யூஎம் என்ற ஒரே பெயரில் இரண்டு வகையும் வந்தன. அதனால் சிப்பின் அடிப்பக்கப் படத்தைக் கேட்டு வாங்குங்கள். மேலே ‘இன்டெல் கான்ஃபிடென்ஷியல்’ என்று அச்சிட்டிருந்தால் அது சோதனைக்காகத் தயாரித்த மாதிரிச் சிப். எவ்வளவு மலிவாக வந்தாலும் வேண்டாம்.

அடுத்தது சூடு. 35 வாட்டுக்குச் செய்த ஹீட் சிங்க்கோடு (சிப்பின் சூட்டை வெளியேற்றும் உலோகப் பாகம்) 45, 47 வாட் சிப்பை வைத்தால், கொதித்துத் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். 4ஆம் தலைமுறை திங்க்பேட் டி440பியில் தனி கிராஃபிக்ஸ் உள்ள வகைக்கு இரட்டைக் குழாய் ஹீட் சிங்க் உண்டு, பலர் அதையும் சேர்த்து வாங்கிவிடுகிறார்கள்.

எதிர்பார்ப்பிலும் ஒரு கோளாறு இருக்கிறது. டி430இல் வரும் இரண்டு கோர் ஐ5-3320எம்மின் உச்ச வேகம் 3.3 கிகாஹெர்ட்ஸ். அதே 35 வாட்டில் பொருந்தும் நான்கு கோர் ஐ7-3632க்யூஎம்மின் உச்சம் 3.2 தான். எல்லாக் கோர்களையும் பயன்படுத்தும் வீடியோ எடிட்டிங், மென்பொருள் கம்பைல் செய்வது போன்ற வேலைகளில் வித்தியாசம் நன்றாகத் தெரியும். பிரவுசர் திறக்கவும் வேர்டில் தட்டச்சு செய்யவும் ஒன்றும் தெரியாது. இன்னும் ஹார்ட் டிஸ்க்கில் ஓடும் லேப்டாப் என்றால் முதலில் எஸ்எஸ்டி போடுங்கள், பாதிப் பேருக்கு ஆசை அதிலேயே தீர்ந்துவிடும். விண்டோஸ் 11க்காக மாற்றுகிறேன் என்பவர்களுக்கும் ஒரு வார்த்தை: மைக்ரோசாஃப்ட் கேட்பது, ஓரிரு விலக்கு தவிர, இன்டெல்லில் 8ஆம் தலைமுறை முதல். இன்டெல்லின் எந்த ஊசிக்கால் லேப்டாப் சிப்பும் அந்தப் பட்டியலில் இல்லை.

இதையெல்லாம் தாண்டி மாற்றத்தான் போகிறீர்கள் என்றால், பயாஸ் அப்டேட்டைப் பழைய சிப் இருக்கும்போதே முடித்துவிடுங்கள். அப்புறம் பேட்டரியைக் கழற்றுங்கள். சாக்கெட் பூட்டு ஒரு சின்னத் திருகுதான், தட்டை ஸ்க்ரூடிரைவரால் அரைச் சுற்று போதும். முக்கோணக் குறியைப் பொருத்தி வைத்தால் சிப் தானாக இறங்கும். அழுத்த வேண்டியிருந்தால் ஏதோ தப்பு, எடுத்துப் பாருங்கள்.