ஆதார் நகலைக் கொடுக்கும் முன்

சென்னையில் வாடகை வீடு தேடுபவர், தரகர், வீட்டு உரிமையாளர், எரிவாயு முகவர், சிம் கடைக்காரர் என்று ஒரே மாதத்தில் பலரிடம் ஆதார் நகலைக் கொடுத்துவிடுகிறார். அவற்றைவிட எனக்குக் கவலை தருவது ஜெராக்ஸ் கடைதான். சைதாப்பேட்டையில் ஒரு கடையில், அச்செடுப்பதற்காக என் ஆதாரின் படத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொன்னார்கள். கணினியில் அது திறந்தபோது, எனக்கு முன் வந்தவர்களின் ஆதார், பான் அட்டை, வங்கிப் புத்தகத்தின் முதல் பக்கம் எல்லாம் திரையில் வரிசையாகத் தெரிந்தன. அச்செடுத்ததும், அனுப்பிய படத்தை 'அனைவருக்கும் நீக்கு' என்று அழித்துவிட்டு, கணினியில் பதிவிறங்கிய கோப்பையும் உங்கள் கண்ணெதிரே அழிக்கச் சொல்லுங்கள். கேட்பதில் கூச்சமே வேண்டாம்.

ஆதார் ஆணையத்தின் இணையதளத்தில், 12 இலக்கங்களில் கடைசி 4 மட்டும் தெரியும் மறைக்கப்பட்ட ஆதாரைப் பதிவிறக்கலாம். அடையாளம் காட்டினால் போதும் என்ற இடங்களில் அதையே கொடுங்கள். அந்தக் கோப்பின் கடவுச்சொல் பெயரின் முதல் 4 ஆங்கில எழுத்துகளும் பிறந்த ஆண்டுமே என்பதால், உங்களை அறிந்த எவரும் அதைத் திறந்துவிட முடியும். எனவே கோப்பாக அனுப்பாமல் தாளாகக் கொடுப்பது நல்லது. நகலின் குறுக்கே, படத்தையும் எழுத்தையும் தொட்டபடி, யாருக்கு, எதற்காக, எந்தத் தேதியில் கொடுத்தது என்று எழுதிக் கையொப்பமிடுங்கள்.

கைரேகையைக் களவாடி, ஆதார் வழியாக வங்கிக் கணக்கிலிருந்து பணம் எடுத்த மோசடிகள் நாட்டில் நடந்திருக்கின்றன. ஆதார் செயலியில் கைரேகை, கருவிழிப் பதிவுகளைப் பூட்டி வைக்கலாம். ரேஷன் கடைக்குப் போகும் நாளில் தற்காலிகமாகத் திறக்க மறந்தால் வரிசையில் நின்றது வீணாகும். முதியவர்களுக்கு வீட்டில் ஒருவர் இதைச் செய்து கொடுக்க வேண்டும்.

உங்கள் பெயரில் எத்தனை செல்பேசி இணைப்புகள் இருக்கின்றன என்பதை அரசின் சஞ்சார் சாத்தி தளத்தில் பார்த்து, தெரியாத எண் இருந்தால் அங்கேயே புகார் செய்யுங்கள். நீங்கள் வாங்காத கடன் உங்கள் பெயரில் இருக்கிறதா என்பதை, சிபில் போன்ற கடன் தகவல் நிறுவனங்களிடம் ஆண்டுக்கு ஒருமுறை இலவசமாகக் கிடைக்கும் கடன் அறிக்கை காட்டிவிடும்.

பணம் போய்விட்டால், யாரையும் கலந்து பேசிக்கொண்டிராமல் உடனே 1930 என்ற அரசின் சைபர் குற்ற உதவி எண்ணை அழையுங்கள். திருடியவர் அடுத்தடுத்த கணக்குகளுக்கு மாற்றுவதற்குள் சொன்னால்தான் பணத்தை நிறுத்திவைக்க வழியுண்டு. அதோடு வங்கிக்கும் தெரிவித்து, இரண்டு இடத்துப் புகார் எண்களையும் ஒரு தாளில் குறித்துவைத்துக்கொள்ளுங்கள்.