சிறப்புப் பள்ளிப் பிள்ளைக்கு மூன்று மாதப் பயிற்சித் திட்டம் எழுதும் முறை

'பத்து வரை எண்ணுவான்', 'நான்கு வண்ணங்களை அடையாளம் காண்பாள்'. சிறப்புப் பள்ளி ஃபைல்களில் இந்த இரண்டு இலக்குகளும் வருடக்கணக்கில் இடம் மாறாமல் உட்கார்ந்திருக்கும். பிள்ளைக்கு எண்ணவும் வந்துவிடும். ஆனால் இங்கே செட்டிநாட்டில், கானாடுகாத்தானிலோ தேவகோட்டையிலோ தன் தெருமுனைக் கடையில் ஒரு சோப்பு வாங்கி வரச் சொன்னால் நின்றுவிடும். காரணம், இலக்கை எடுத்தது புத்தகத்திலிருந்து. பிள்ளை வாழ்கிற வீட்டிலிருந்தும் தெருவிலிருந்தும் அல்ல.

இங்கே சொல்வது அறிவுசார் குறைபாடுள்ள 8 முதல் 16 வயது வரையிலான பிள்ளைகளுக்கானது. காது கேளாத, பார்வையற்ற பிள்ளைகளின் பள்ளிகள் பெரும்பாலும் மாநிலப் பாடத்திட்டத்தையே நடத்துகின்றன. அங்கே சைகை மொழி, பிரெய்ல், பொதுத்தேர்வில் கூடுதல் நேரம், சொல்வதை எழுதுபவர் என்று கணக்கே வேறு.

முதல் இரண்டு வாரம் எதையும் கற்பிக்க வேண்டாம். பார்க்க மட்டும் செய்யுங்கள். பிள்ளைக்கு எது வரும், எது வராது என்று பார்த்துக் குறிக்கச் சென்னையில் உருவான எம்.டி.பி.எஸ். பட்டியலில் 18 துறைகள், துறைக்கு 20 என 360 செயல்கள் இருக்கின்றன. செயல்கள் எளிதிலிருந்து கடினத்துக்குப் போகும். சாப்பாடு, உடை, கழிப்பறை, பணம், நேரம், வீட்டு வேலை எல்லாம் அதில் வந்துவிடும். அதே போன்ற இன்னொரு பட்டியலான எஃப்.ஏ.சி.பி. பழகியவர்கள் அதையே வைத்துக்கொள்ளலாம். எந்தப் பட்டியலானாலும் செய்ய வைத்துப் பார்த்துத்தான் நிரப்ப வேண்டும். ஒரே உட்காரலில், அம்மாவிடம் கேட்டுக் கேட்டு டிக் அடித்த தாளை நம்பி இறங்கினால் மூன்று மாதமும் வீண்.

அம்மாவிடம் கேட்க வேண்டியதும் உண்டு, ஆனால் கேட்கிற விதம் முக்கியம். "பையன் தானே சட்டை போடுவானா?" என்றால் "போடுவான் டீச்சர்" என்றுதான் பதில் வரும். "நேத்துக் காலையில சட்டை யாரும்மா போட்டுவிட்டது?" என்று கேட்டுப் பாருங்கள். "வேன் வந்துருச்சுன்னு அப்பத்தாதான் மாட்டிவிட்டாக" என்று உண்மை வெளியே வரும். சிங்கப்பூர், மலேசியா, துபாய் என்று அப்பா வெளியூரில் இருக்கும் வீடுகள் இந்தப் பக்கம் நிறைய. பிள்ளையைக் குளிப்பாட்டி ஊட்டிவிடுவது அப்பத்தாவோ அம்மாச்சியோதான். அதனால் திட்டக் கூட்டத்துக்கு அவர்களையும் வரச் சொல்லுங்கள். கையெழுத்துப் போடுவது அம்மாவாக இருக்கலாம். பழக்கத்தை மாற்ற வேண்டியது அப்பத்தா.

மூன்று மாதத்துக்கு ஐந்து இலக்கு போதும். ஆறாவதை எழுத ஆசை வரும், எழுதாதீர்கள். ஒவ்வொன்றையும் மூன்று கேள்வியில் சலித்துப் பாருங்கள். இருபது வயதில் இது பிள்ளைக்கு வேண்டுமா? பிள்ளை செய்யாவிட்டால் இதை வேறொருவர் செய்தே ஆக வேண்டுமா? தினம் ஒரு தடவையாவது இயல்பாகச் செய்ய வாய்ப்பு வருமா? வானவில் வண்ணங்கள் மூன்றிலும் தோற்கும். கழிப்பறை போய்த் தானே கழுவிக்கொள்வது மூன்றிலும் தேறும்.

எழுதும்போது எந்த இடத்தில், என்ன செய்வாள், எந்த அளவு தேறினால் போதும் என்ற மூன்றும் ஒரே வரியில் வர வேண்டும். 'பணத்தைப் புரிந்துகொள்வாள்' என்பது இலக்கே அல்ல. அதை அளக்க வழியில்லை. 'பள்ளிக்கு எதிர்க்கடையில், 50 ரூபாய்க்குள் ஒரு பொருளை, யாரும் சொல்லாமல், ஐந்து முறையில் நான்கு முறை சரியாக வாங்குவாள்' என்று எழுதினால் யார் வந்தாலும் அளந்துவிடலாம்.

இந்த ஒரு இலக்கையே எடுத்துப் பிரித்துப் பார்ப்போம்.

1. காசுப் பையை எடுத்துக்கொள்வது.
2. கடைக்கு நடந்து போய், ஆள் இருந்தால் பின்னால் நிற்பது.
3. கடைக்காரர் தன்னைப் பார்க்கும்வரை பொறுப்பது.
4. பொருளின் பெயரைச் சொல்வது. பேச்சு வராத பிள்ளை படத்தையோ பழைய உறையையோ காட்டுவது.
5. விலையைக் காதில் வாங்கி, பத்து ரூபாய் நோட்டுகளாக எண்ணிக் கொடுப்பது.
6. மீதிக்குக் கை நீட்டி நிற்பது.
7. மீதியைப் பையில் போட்டு, பொருளோடு திரும்புவது.

பெரும்பாலும் தடுக்குவது ஐந்தாம் படியில்தான். கூட்டல் கழித்தல் வராத பிள்ளைக்கு ஒரு குறுக்கு வழி உண்டு. பையில் பத்து ரூபாய் நோட்டு மட்டும் ஐந்து வையுங்கள். 'முப்பத்திநாலு' என்று காதில் விழுந்தால் முப்பதுக்கு மூன்று நோட்டு, அதோடு எப்போதும் ஒன்று கூட, ஆக நான்கு. விலை சரியாக முப்பதே என்றாலும் அதே நான்குதான். பத்து திரும்பி வரும், நட்டமில்லை. விலையை 49 ரூபாய்க்குள் நிறுத்திக்கொள்ளுங்கள். அதற்கு மேலே போனால் பையில் உள்ள ஐந்து நோட்டு போதாது. பத்து ரூபாய் நாணயம் வேண்டாம். செல்லுபடியாகும் காசுதான் என்றாலும் வாங்கத் தயங்கும் கடைகள் இன்னும் இருக்கின்றன, பிள்ளையால் அங்கே வாதாட முடியாது. விளையாட்டுக் காசு, ஜெராக்ஸ் எடுத்த நோட்டு இரண்டும் கூடாது. காகிதத்தில் பழகிய பிள்ளை நிஜ நோட்டைக் கண்டால் மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்கும். கடைக்காரரிடம் முன்கூட்டியே பேசி வையுங்கள்: விலையை வாயால் சொல்ல வேண்டும், பையைப் பிடுங்கித் தானே காசு எடுக்கக் கூடாது. இரக்கப்பட்டு அவர் செய்கிற அந்த உதவிதான் பயிற்சியைக் கெடுப்பது.

உதவியைக் குறிக்க நான்கு எழுத்து போதும். 'தா' என்றால் தானாக. 'சொ' என்றால் சொல்லி. 'கா' என்றால் செய்து காட்டி. 'கை' என்றால் கை பிடித்து. ஒவ்வொரு படிக்கும் நேராக அன்றன்றைக்கு ஒரு எழுத்தைக் குறியுங்கள்; சரி, தப்பு என்று குறிப்பதில் பயனில்லை. 'கை' என்பது 'கா' ஆனாலே அது முன்னேற்றம். டிக் மட்டும் போடுகிற தாளில் அந்த முன்னேற்றம் கண்ணில் படாது, பிள்ளை அங்கேயே நிற்பதாக முடிவு கட்டிவிடுவோம்.

ஒரு படி முடிந்ததும் வாயை மூடிக்கொண்டு மனசுக்குள் ஐந்து வரை எண்ணுங்கள். அதற்குள் உதவக் கூடாது. இதுதான் ஆசிரியர்களுக்கு ரொம்பச் சிரமம். "ம்... அடுத்து? அடுத்து என்ன?" என்று தூண்டிக்கொண்டே இருந்தால், அந்தக் குரலும் வேலையின் ஒரு பகுதியாகிவிடும், குரல் இல்லாவிட்டால் பிள்ளை அசையாது. கை பிடிப்பதைக் கொஞ்சம் கொஞ்சமாக விலக்கலாம். மணிக்கட்டு, முழங்கை, தோள் என்று கையைப் பின்னால் இழுத்துக்கொண்டே வந்தால் போதும். சொல்லிப் பழக்கியதை விலக்குவதுதான் கடினம்.

சட்டை, கால்சட்டை போன்றவற்றைக் கடைசிப் படியிலிருந்து தொடங்குங்கள். கால்சட்டையை முட்டிவரை நீங்கள் ஏற்றிவிட்டு, இடுப்புக்கு இழுப்பதை மட்டும் பிள்ளையிடம் விடுங்கள். அது வந்ததும், கணுக்காலிலிருந்து. வேலையை முடித்த திருப்தி முதல் நாளே கிடைத்துவிடும்.

கழிப்பறைப் பயிற்சிக்கு முன் ஐந்து நாள், அரை மணிக்கு ஒரு தடவை உடை ஈரமா காய்ந்திருக்கிறதா என்று மட்டும் குறித்து வாருங்கள். ஈரமாகும் நேரங்கள் ஓரளவு பிடிபடும். அதற்குப் பத்து நிமிடம் முன்னால் கூட்டிப்போனால் போதும். மணிக்கொரு தடவை எல்லாரையும் வரிசையாக ஓட்டிப்போவது பள்ளிக்கு வசதி, அவ்வளவுதான்.

செட்டிநாட்டு வீடுகளுக்கென்று தனியாகப் பார்க்க வேண்டியவையும் உண்டு. பள்ளி சமதளம், வீட்டில் ஏறுபடி, திண்ணை, உயரமான நிலைப்படி. பெருமூளை வாதம் உள்ள பிள்ளைக்குப் பள்ளியில் வாக்கர் ஓட்டக் கற்றுக்கொடுத்துவிட்டு வீட்டு நிலைப்படியை மறந்தால் பிள்ளை முற்றத்தைத் தாண்டாது. படியின் உயரத்தை அளந்து வந்து, அதே உயரத்துக்குப் பலகை செய்து பழக்குங்கள். தரையில் பதித்த ஆத்தங்குடிக் கல் ஈரம் பட்டால் வழுக்கும். முற்றத்து ஓரம் அதற்கு முதல் இடம். பார்வை மங்கலான பிள்ளைக்கு நடுத்தளத்துப் பூவேலை கண்ணைக் குழப்பும், ஆனால் ஓரத்துக் கரைக்கோடு நல்ல வழிகாட்டி. அதைப் பிடித்தே அறைக்கு அறை நடக்கப் பழக்கலாம்.

14 வயதில் தொழில்முன் பயிற்சி ஆரம்பிக்கலாம். மெழுகுவத்தி, ஃபினாயில் என்று எல்லாப் பள்ளியும் செய்வதையே செய்ய வேண்டியதில்லை. இங்கே பனையோலையில் முடையும் கூடையான கொட்டான் இருக்கிறது, புவிசார் குறியீடு பெற்ற சரக்கு. பனையோலையைக் கத்தியால் கீறுவது பெரியவர்கள் வேலை. கீறிய ஓலையை அகலவாரியாகப் பிரிப்பது, சாய ஓலையை நிறவாரியாகக் கட்டுவது, நனைப்பது, முடைவது இவையெல்லாம் பிள்ளைகளுக்கு வரும். அடி போடுவதுதான் சிக்கல். ஓலை நாலு பக்கமும் சிதறும். அடியை முடைந்து, பக்க ஓலைகளை நிமிர்த்தித் துணி கிளிப் மாட்டிக் கொடுத்துவிடுங்கள். ஒன்று விட்டு ஒன்று என்று சுற்றிவருவது மட்டும் பிள்ளையின் வேலை. குறுக்கோலை ஒரு நிறம், நெடுக்கோலை வேறு நிறம் என்று கொடுத்தால் பிசகு உடனே கண்ணில் படும். காய்ந்த ஓலை மடிப்பில் வெடிக்கும், ஈரத்தோடு மூடி வைத்தது பூஞ்சை பிடிக்கும். அன்றைக்கு வேண்டியதை மட்டும் நனையுங்கள்.

பத்து வகுப்புக்குப் பிறகும் எழுத்து 'கை'யிலேயே நின்றால் படி பெரிதாக இருக்கிறது, அல்லது செய்து முடித்தால் கிடைப்பது பிள்ளைக்குப் பிடிக்கவில்லை, அல்லது வீட்டில் யாரோ செய்துவிடுகிறார்கள். முதலில் மூன்றாவதைச் சரிபாருங்கள். 'பிள்ளைக்கு ஆர்வமில்லை' என்று எழுதுவதற்கு அந்தத் தாளில் கட்டமே வைக்காதீர்கள். தேறியதும், வேறு ஆசிரியரோடு ஒரு தடவை, வேறு கடையில் ஒரு தடவை பார்த்துவிட்டுத்தான் இலக்கை மூடுங்கள்.

காகித வேலை கொஞ்சம். 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப்படி, 40 விழுக்காடும் அதற்கு மேலும் குறைபாடுள்ள 6 முதல் 18 வயதுப் பிள்ளைக்கு அருகமைப் பள்ளியிலோ விரும்பிய சிறப்புப் பள்ளியிலோ இலவசக் கல்வி உரிமை. மாற்றுத்திறனாளிகளுக்கான அடையாள அட்டையான யு.டி.ஐ.டி. அட்டையின் எண் ஃபைலின் முதல் பக்கத்திலேயே இருக்கட்டும். 17 வயதானதும் பெற்றோரை உட்கார வைத்து ஒன்றைச் சொல்லிவிடுங்கள்: 18 முடிந்தபின் பெற்ற தாயே ஆனாலும் சட்டப்படி காப்பாளராக இருக்க, 1999ஆம் ஆண்டு தேசிய அறக்கட்டளைச் சட்டத்தின்கீழ் மாவட்ட ஆட்சியர் தலைமையிலான உள்ளூர்க் குழுவிடம் விண்ணப்பிக்க வேண்டும். வங்கிக் கணக்கு, சொத்து என்று வரும்போதுதான் பலர் இதற்கு அலைகிறார்கள். அப்பா வெளிநாட்டில் இருந்தால், அவர் ஊருக்கு வரும் தேதியைக் கேட்டு அதற்கு முன்பே தாள்களைத் தயாராக வையுங்கள்.