எறும்பு வரிசையைப் பார்த்ததும் துடைத்துவிடாதீர்கள்

சர்க்கரை டப்பாவில் எறும்பைப் பார்த்ததும் கை ஸ்பிரேயைத் தேடும். கொஞ்சம் பொறுங்கள். வெளியே தெரிகிறவை இரை தேடி வந்த வேலைக்கார எறும்புகள்தான், ராணி சுவருக்குள்ளேயோ தரைக்கு அடியிலோ முட்டையிட்டுக்கொண்டே இருக்கும், அதனால் மேலே நூறைக் கொன்றாலும் நாளைக்கு அடுத்த நூறு வரும். அதிலும் கண்ணுக்கே சரியாகத் தெரியாத பொடி மஞ்சள் எறும்பு இருக்கிறதே, அதன்மேல் ஸ்பிரே அடித்தால் கூட்டம் பிரிந்து நாலு இடத்தில் குடியேறிவிடும்.

முதலில் வரிசையின் பின்னாலேயே போய் எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். எங்கள் வீட்டில் சிங்க் மேடைக்கும் டைல்ஸுக்கும் நடுவில், ஊசி நுழைகிற அளவு ஒரு விரிசல், அவ்வளவுதான்.

அப்புறம் இரை வையுங்கள். ஒரு டம்ளர் (200 மில்லி) வெந்நீரில் ஐந்து டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் போரிக் பவுடர் போட்டு நன்றாகக் கரைத்து, பஞ்சில் நனைத்து, பாட்டில் மூடியில் வைத்து வரிசைக்குப் பக்கத்தில் விடுங்கள். போரிக் பவுடரைக் கூட்டிப் போடக்கூடாது. நான் முதல் தடவை இரண்டு டீஸ்பூன் போட்டேன், எறும்புகள் மூடியைச் சுற்றியே செத்துக் கிடந்தன, புற்று அப்படியே இருந்தது. குறைவாக இருந்தால்தான் வயிறு நிறையக் குடித்துத் திரும்பிப் போய், வாயோடு வாய் வைத்து மற்ற எறும்புகளுக்கும் ராணிக்கும் ஊட்டும். உற்றுப் பார்த்தால் குடித்த எறும்பின் வயிறு உப்பிக் கண்ணாடி மாதிரி மினுங்குவது தெரியும்.

முதல் நாள் கூட்டம் அதிகமாகத்தான் வரும், பயந்து துடைத்துவிடாதீர்கள். இரண்டு நாளுக்கு ஒருமுறை பஞ்சை மாற்றி, ஒன்றிரண்டு வாரம் விடுங்கள். சர்க்கரையைச் சீண்டவே இல்லை என்றால் அவை எண்ணெய் தேடுகின்றன, அரைத்த வேர்க்கடலையில் சிட்டிகை போரிக் பவுடர் கலந்து வையுங்கள். குழந்தையோ நாய் பூனையோ இருக்கிற வீட்டில் அவற்றுக்கு எட்டாத இடத்தில்தான் இதை வைக்க வேண்டும், இது விஷம்.

வரத்து நின்ற பிறகு சோப்புத் தண்ணீரால் அந்தத் தடம் முழுக்கத் துடையுங்கள், எறும்பு வாசனையைப் பிடித்துத்தான் வரிசை போடுகிறது. விரிசலை வெள்ளை சிமென்ட்டால் அடையுங்கள். ஸ்விட்ச் போர்டுக்குள் மட்டும் தண்ணீரோ ஸ்பிரேயோ வேண்டவே வேண்டாம். மஞ்சள் தூள் தூவினால் வழிதான் மாறும், புற்று அப்படியேதான் இருக்கும்.

மழைக்காலம் வருவதற்கு முன்னால் ஜன்னலைத் தொடும் கிளைகளை வெட்டிவிடுங்கள், புற்றில் தண்ணீர் புகுந்தால் அவை நேராக நம் வீட்டுக்குத்தான் ஏறி வரும். சர்க்கரை, வெல்லம் எல்லாம் ரப்பர் வளையம் உள்ள டப்பாவில் இருக்கட்டும். தேன் பாட்டிலை ஒரு தட்டில் தண்ணீர் ஊற்றி நடுவில் வையுங்கள், பாட்டில் சுவரில் மட்டும் சாய்ந்திருக்கக் கூடாது.