கல்வெட்டு பார்க்கப் போகிறீர்களா? நோட்டில் நடுவே ஒரு கோடு போடுங்கள்

மதுரையைச் சுற்றி ஊருக்கு ஊர் வரலாறு கிடக்கிறது. பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போகும்போது நோட்டின் நடுவே ஒரு கோடு போடச் சொல்லுங்கள். இடப்பக்கம் கண்ணால் பார்த்தது, வலப்பக்கம் அதிலிருந்து நாம் ஊகிப்பது.

மேலூர் பக்கம் மாங்குளம் மலையையே எடுத்துக்கொள்வோம். கணி நந்தன் என்ற துறவிக்கு, நெடுஞ்செழியனின் பணியாளர் கடலன் வழுதி பள்ளி (துறவிகள் தங்கும் இடம்) அமைத்துக் கொடுத்ததைக் குகை முகப்பில் தமிழி எழுத்து, அதாவது தமிழின் பழைய எழுத்து வடிவம், சொல்கிறது. இது இடப்பக்கம். கல்லில் ஆண்டு இல்லை, கி.மு. 2-ஆம் நூற்றாண்டு என்பது எழுத்தின் வடிவத்தை வைத்து அறிஞர்கள் கணித்தது. ஆகவே வலப்பக்கம். இந்த நெடுஞ்செழியன்தான் சிலப்பதிகாரப் பாண்டியனா? அதையும் கல் சொல்லவில்லை. ஒரு கேள்விக்குறி போட்டு வலப்பக்கமே எழுதுங்கள்.

கீழடியிலும் இப்படித்தான். 2019-இல் வெளியான கி.மு. 580 என்ற காலம், 353 செ.மீ. ஆழத்தில் கிடைத்த கரிமத்துக்கு உரியது. அங்கே கிடைத்த பானை ஓடுகளில் கீறிய எழுத்தின் வயதையோ, ஓடு கிடைத்த மண்ணடுக்கை வைத்துச் சொல்கிறார்கள். இந்த வித்தியாசத்தைப் பிள்ளைகள் சட்டென்று பிடித்துக்கொள்வார்கள், சொல்லிப் பாருங்கள்.

மலைக்குக் காலையிலேயே கிளம்பிவிடுங்கள். சாய்வெயிலில் எழுத்து நன்றாகத் தெரியும். தெளிவாகத் தெரியவில்லையே என்று சுண்ணாம்போ சாக்பீஸோ மட்டும் தடவிவிடாதீர்கள்.